நடுக்கால் இல்லாத அடுக்கு

இது நிகழ்வதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். துறைத் தலைவனாக ஓய்வு பெற்றவன். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் எவர் வீட்டுத் திருமண அழைப்பிதழும் என் கண்ணில் பட்டுப் பிழை திருத்தப்பட்ட பிறகே அச்சுக்குப் போகும். குழாயடிச் சண்டையானாலும் கோயில் திருவிழாத் தகராறானாலும், "ப்ரொபசர் இன்னா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார்கள். என் சொல்லுக்கு மேல் இன்னொரு சொல் அங்கே இருந்ததில்லை.

அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்தேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே!

அவர் பெயர் எத்திராஜ். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு இரும்பு வேலை செய்யும் வெல்டர். கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல் நெருப்பைப் பிடித்தவர். அன்று நான் அவரை 'நீ' என்றும் 'அவன்' என்றும் ஒருமையில்தான் அழைத்தேன். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். இதனால் எதுவும் நேராகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும்.

என்னிடம் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் உண்டு. கப்பல்காரர்கள் கைமாற்றிவிட்டுப் போனவை, ஏலத்தில் எடுத்தவை, பழைய வீடுகள் காலியாகும்போது கேட்டு வாங்கியவை. நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுழலும் கனத்த அரக்குத் தட்டுகள் மட்டுமே அறுநூறு. அவற்றை அடுக்கி வைக்க ஓர் அடுக்கு வேண்டும்... நீங்கள் சிரிக்கலாம். ஒரு மனிதரின் வீழ்ச்சி ஓர் அலமாரியிலிருந்து தொடங்குமா என்று! தொடங்கியது.

இசைத்தட்டைப் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது வளையும், விரிசல் விடும். புத்தகம் போல் நிற்க வைக்க வேண்டும். சாய்ந்து நின்றாலும் நெளியும் என்பதால் ஓர் அடிக்கு ஒரு தடுப்பு வேண்டும். மூடிய பீரோவில் வைத்தேன். கடற்காற்றின் ஈரத்தில் உறைகளில் பூஞ்சை பிடித்தது. மர அலமாரியைக் கறையான் தின்றது. கடையில் விற்கும், துளையிட்ட ஆங்கிளில் போல்ட் பூட்டும் ராக்குகளைப் பார்த்தேன். பன்னிரண்டு அங்குல ஆழத்தில் உறைகள் முன்னால் துருத்திக்கொண்டு நின்றன. பதினெட்டு அங்குலத்தில் பின்னால் எலி குடும்பம் நடத்தலாம். ஆகவே அளவெடுத்துச் செய்யச் சொல்வதென்று முடிவு செய்தேன். எல் வடிவில் மடங்கிய ஒன்றரை அங்குல இரும்பு ஆங்கிள், அதன்மேல் பிளைவுட் பலகை, பத்தடி அகலம், ஐந்து தட்டு.

வரைபடத்தை நானே வரைந்தேன். அதில் சரியாக ஐந்தாவது அடியில், தரையிலிருந்து உச்சிவரை, ஒரு நடுக்கால் இருந்தது.

ஆம்... இருந்தது! என் கையால் வரைந்த நடுக்கால்.

பிறகு ராகவன் வீட்டுக்குப் போனேன். ராகவன் சுங்கத்துறையில் ஓய்வு பெற்றவர், இராயபுரத்தில் இருக்கிறார், என்னைப் போலவே இசைத்தட்டுச் சேர்ப்பவர். அவர் கூடத்தில் சுவரிலேயே பதித்த தேக்கு அடுக்கு, ஒன்பது அடி, நடுவில் ஒரு தடையும் இல்லாமல் ஒரே கோடாக ஓடியது. "உங்க ஹால்ல இந்த மாதிரி வராது ப்ரொபசர்," என்றார். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ரப்பரை எடுத்தேன். நடுக்காலை அழித்தேன்.

நான் எதைக் கற்பித்தவன் என்று நீங்கள் அறிய வேண்டும். இரண்டு கத்திமுனைகளின்மேல் ஒரு சட்டத்தைக் கிடத்தி, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறதென்று நுண்ணோக்கியில் அளப்பது, இளநிலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் நடத்திய ஆய்வகச் சோதனை. தாங்கும் முனைகளுக்கிடையே உள்ள நீளம் இரட்டித்தால் அதே எடைக்குத் தாழ்வு எட்டு மடங்காகும். என் அடுக்கில் நீளத்தோடு எடையும் இரட்டித்தது. ஆகவே பதினாறு மடங்கு! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அழிக்கும்போதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அழித்தேன்... ஏன்? ஒரு கிழவனின் கூடம் இன்னொரு கிழவனின் கூடத்துக்கு இளைத்ததாகிவிடக் கூடாது என்பதற்காக.

எத்திராஜ் அளவெடுக்க வந்தார். இரும்பைச் சுமந்து வந்த இரண்டு ஆட்களும் உடனிருந்தார்கள். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், பத்தடிக்கு ஒரே ஆங்கிளு தாங்காது. நடுவுல ஒரு காலு குடுக்கணும். இல்லாங்காட்டி தொப்ப வுட்டுடும்."

"தொப்பையா? என் வீட்டில் பேசுகிறபோது வார்த்தையைப் பார்த்துப் பேசு."

"வேற இன்னா சார் சொல்றது? ஏழு மாசம் மாரி ஆயிடும்னு சொல்லட்டா?"

சுமந்து வந்தவர்கள் சிரித்தார்கள். எத்திராஜும் சிரித்தார். அதில் தீங்கொன்றும் இல்லை. காசிமேட்டில் படகு முதலாளியிடமும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் என் கூடத்தில், என் வரைபடத்தைப் பார்த்து, எட்டாவதோடு நிறுத்திய ஒருவர் சொல்வது சரியாக இருந்தது... அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் சாக்பீஸை எடுத்துத் தரையில் ஐந்தாவது அடியில் ஒரு பெருக்கல் குறி போட்டார். "இங்க ஒரு காலு சார். ஒண்ணே ஒண்ணு. அப்பால யானைய ஏத்துனாலும் அசையாது."

"துடை," என்றேன்.

"துணி கீதா சார்?"

"உன் தோளில் இருக்கிறதே."

தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகம் துடைக்கும் துண்டு அது. முழந்தாளிட்டு, அந்தக் குறி மறையும்வரை தேய்த்தார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதென்று விரலால் காட்டினேன்... ஆம், காட்டினேன்!

அடுக்கை நான் சொன்னபடியே செய்தார். மூட்டுகள் ஒவ்வொன்றையும் கிரைண்டரால் தேய்த்து, விரல் வைத்தால் தடம் தெரியாதபடி வழுவழுப்பாக்கினார். துருப்பிடிக்காமலிருக்க இரண்டு பூச்சு அடித்தார். வேலை முடிந்த அன்று, போகாமல் வாசலில் நின்றார்.

"சார், ஒரு ஒதவி. பாளையம்னு ஒரு ஓனரு புது போட்டு கட்டறாரு. கேபின் வேல முச்சூடும் என்கையில குடுக்கறேன்னு சொல்லிகீறாரு. இத்தினி வருசமா அடுத்தவன் கைக்குக் கீழயே வேல செஞ்சிகினு கீறேன் சார், மொத வாட்டி என் பேர்ல. ஆனா என் வேலய எங்கனா பாக்கணுமாம். உங்க வூட்டாண்ட இட்டாரட்டா?"

வரும் ஞாயிறு காலை என் வீட்டில் இசை அன்பர்கள் கூடுகிறார்கள், அப்போது அழைத்து வா என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். அவர் இரண்டு கையும் கூப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது என்பதை நீங்கள் மறக்க வேண்டாம்.

வியாழக்கிழமை இசைத்தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அன்று மாலை, மேலிருந்து மூன்றாம் தட்டின் இரு முனைகளுக்குமிடையே ஒரு நூலை இழுத்துக் கட்டி அளந்தேன். நடுவில் அரை விரல் தாழ்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு விரல். சனிக்கிழமை அரக்குத் தட்டுகளையும் அந்தத் தட்டிலேயே ஏற்றினேன். கண்ணுக்கு நேராக நிற்க வேண்டிய அரிய சேர்க்கை அதுதானே! நூலைக் கட்டிப் பார்த்தபோது இரண்டு விரலுக்கு மேல். அவர் சொன்ன அந்தச் சொல் என் நாவில் வந்து நின்றது. சொல்லவில்லை.

ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அரை மணி நேரத்தில் ஒரு காலை வைத்துப் பற்றவைத்துவிட்டுப் போயிருப்பார். அல்லது நானே அறுநூறு தட்டுகளை இறக்கித் தரையில் வைத்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? வருபவர்கள் பக்கவாட்டில் நின்று கோட்டின் வளைவைப் பார்த்துவிடாதபடி நாற்காலிகளை நேரெதிரே நெருக்கமாகப் போட்டேன். நூலைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தேன்.

ஞாயிறு பகல் பதினொரு மணி. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ராகவன் முன்வரிசையில். பாளையம் வெள்ளை வேட்டியும் தங்கச் சங்கிலியுமாகச் சுவரோரம் நின்றார். அவர் பக்கத்தில் எத்திராஜ், தேய்த்த சட்டையில். அவர் உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது மூன்றாம் தட்டைத்தான். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாலேயே கேட்டார். நான் முகத்தைத் திருப்பி, நாதசுரத் தட்டொன்றைச் சுழலவிட்டேன்.

பாட்டு பாதியில் இருந்தபோது 'டப்' என்று ஓர் ஓசை. இடது முனையில் வெல்டு கிழிந்தது. மூன்றாம் தட்டு மடிந்து நான்காம் தட்டின்மேல் சரிந்தது; நான்காவது ஐந்தாவதின்மேல். அரக்குத் தட்டுகள் உடையும் ஓசையை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மண் ஓடு உடைவது போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு குரல் இருந்தது. எவருக்கும் அடிபடவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு கணம் இருந்தது. ஒரே ஒரு கணம்... அதில் உண்மையைச் சொல்லியிருந்தால் ராகவன் ஒரு வாரம் சிரித்திருப்பார். அவ்வளவுதான் நட்டம்!

"எத்திராஜ்," என்றேன், வகுப்பறைக் குரலில். "பற்றவைக்க என்ன ராடு போட்டாய்? ஈரம் பட்ட ராடுதானே? அதில் வெல்டு எப்படிப் பிடிக்கும்?"

"இல்ல சார். பிரிக்காத பாக்கெட்டு சார், உங்க எதிர்க்கத்தான பிரிச்சேன். நடுக் காலு..."

"காலைப் பற்றிப் பேசாதே! வெல்டு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. கண் தெரிகிறதா?"

ராகவன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "ஆனா ப்ரொபசர், ஆங்கிள் நடுவுல வளைஞ்சிருக்கே?"

"வெல்டு விட்டது. அதனால் விழுந்தது. விழுந்த வேகத்தில் வளைந்தது. முப்பத்திரண்டு வருஷம் நான் நடத்திய பாடம், ராகவன்."

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? வளைவைப் பற்றி என்னைவிட அறிந்தவர் அந்தக் கூடத்தில் எவரும் இல்லை. அந்த அறிவைத்தான் ஆயுதமாக்கினேன்.

பாளையம் எத்திராஜின் தோளில் கை வைத்தார். கோபமாக அல்ல, வருத்தமாக. "இன்னா எத்தி... தரையில நிக்க வெச்சதே வுழுந்துடுச்சே நைனா. அலையில எப்பிடிடா நிக்கும்? எம் போட்டுல ஒம்பது பேரு போறான்."

எத்திராஜ் குனிந்து, உடையாத தட்டுகளைப் பொறுக்கி உறையில் போட ஆரம்பித்தார். "தொடாதே," என்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவர் மனைவி வந்தார். தேசம்மாள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"சார், எங்க வூட்டுக்காரு குடிக்கற ஆளு இல்ல. வேலையில கலீஜ் பண்ற ஆளும் இல்ல. ஓனரு அவர் ஆளுங்கள கேட்டாராம். 'எத்தி கைப்பட்ட கேபினா? நாங்க ஏற மாட்டோம்'னு சொல்லிட்டானுங்களாம். நீங்கோ படிச்சவங்கோ. ஒரு சீட்டு எய்திக் குடுங்கோ சார். அவரு மேல தப்பு இல்லன்னு ஒரே ஒரு வரி. நீங்க சொன்னா கடக்கரையே கேட்டுக்கும்."

உண்மைதான். நான் சொன்னால் கேட்பார்கள். படகுக்காரர்கள் வெல்டரின் சான்றிதழைப் பார்ப்பதில்லை. அந்தக் கை செய்தது எங்கேயாவது விட்டுப்போனதா என்றுதான் பார்ப்பார்கள். போகிறவர்களில் ஒருவன் மாட்டேனென்றாலும் முதலாளியால் வேலை கொடுக்க முடியாது. என்னுடைய ஒரு வரிக்கு அந்த ஒன்பது பேரையும் மாற்றும் வலிமை இருந்தது.

உள்ளே போய் நல்ல தாளாக எடுத்து, மையூற்றுப் பேனாவால் எழுதினேன். எழுதியது ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

'எத்திராஜ் நல்ல உழைப்பாளி. என் இல்லத்து அடுக்கில் அவர் செய்த வேலையில் நேர்ந்த குறையை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. அவரை மனமார மன்னித்துவிட்டேன். தாங்களும் அவ்வாறே கருதி அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்.'

படியுங்கள். மீண்டும் ஒருமுறை படியுங்கள்! இதைவிட நயமாக ஒருவரைக் கொல்ல முடியுமா? மன்னித்தேன் என்று எழுதிய கணத்தில் குற்றத்தை அவர்மேல் ஆணியடித்து நிறுத்தினேன். அதை அறிந்தே எழுதினேன். மூன்றாம் வரியை எழுதும்போது எழுத்து அழகாக வந்திருக்கிறதே என்றுகூட ஒரு நிறைவு இருந்தது.

தேசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூடையிலிருந்து நல்லதாக இரண்டு சங்கரா மீனை எடுத்து என் வாசற்படியில் வைத்தார். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன். அன்று குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

பாளையம் அந்தக் கடிதத்தைத் தம் ஆட்களைக் கூட்டி வைத்து உரக்கப் படிக்கச் சொன்னாராம். நான்கு நாள் கழித்து எத்திராஜே வந்தார். கடிதம் அவர் கையில் நான்காக மடிந்திருந்தது.

"சார்," என்றார், "மன்னிப்பு நான் கேக்கவே இல்லியே."

அவ்வளவுதான் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கடிதத்தைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்து, காற்றில் பறந்துவிடாமலிருக்க ஒரு கல்லையும் எடுத்து வைத்துவிட்டுப் போனார். நான் பதில் சொன்னேனா என்கிறீர்களா? "வேறு வேலை இருக்கிறது, போய் வா," என்றேன். அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

கேபின் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதன்பின் காசிமேட்டில் எவரும் அவரைப் படகில் கை வைக்க விடவில்லை. இப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் தினக்கூலிக்குப் போகிறாராம். பற்றவைக்கும் வேலை அல்ல. மற்றவர் பற்றவைத்ததைத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. தேசம்மாள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருவதில்லை. அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். குரல் மட்டும் கேட்கும்.

நானோ? இரண்டு மாதத்தில் புதிய அடுக்கு செய்துகொண்டேன். எண்ணூரிலிருந்து வேறொரு வெல்டர் வந்தார். அவரிடம் முதல் வரைபடத்தையே கொடுத்தேன்... அழித்த கோட்டை மீண்டும் வரைந்து! நடுக்காலைப் பார்த்து, "நல்ல ஐடியா சார்," என்று அவர் பாராட்டினார். தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. மயிரிழைகூடத் தாழவில்லை.

சென்ற பொங்கலுக்குத் தெருவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசியவர் என் கல்வியைச் சொன்னார், ஒழுக்கத்தைச் சொன்னார், பிறகு அந்தக் கடிதத்தையும் சொன்னார். இவ்வளவு பெரிய நட்டத்தைச் செய்த தொழிலாளியைக்கூட மன்னித்து, வேலைக்குச் சிபாரிசும் எழுதிக் கொடுத்த பெரிய மனம் என்றார். கை தட்டினார்கள். ராகவன் மட்டும் தட்டவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியுமோ? தெரிந்திருந்தும் இத்தனை நாள் சும்மா இருக்கிறாரோ? நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இதை எழுதிவிட்டேனே, இனி எத்திராஜைத் தேடிப் போவேனா என்று நீங்கள் எண்ணுவீர்கள். பாளையத்தின் முன் நின்று ஒன்பது பேர் காதில் விழச் சொல்வேனா? பலமுறை செருப்பை மாட்டியிருக்கிறேன். ஒருமுறை தேரடிவரை நடந்தேன். எதிரே வந்த பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்தி, இறங்கி, என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு எனக்கு வேண்டியிருந்தது... திரும்பிவிட்டேன். எழுபத்து நான்கு வயதிலும் அது வேண்டியிருக்கிறது. நாளையும் வேண்டியிருக்கும்.

ஆகவே இங்கே எழுத மட்டும் செய்கிறேன். காலடிப்பேட்டையில் சொல்லப்படுவது தவறு. ராடு ஈரமாக இல்லை. முதலில் வளைந்தது ஆங்கிள். அதன் பிறகே வெல்டு கிழிந்தது. பேராசிரியர் ஒரு வெல்டரை மன்னித்தார் என்கிறார்கள். மன்னிக்கும்படி எத்திராஜ் எதுவும் செய்யவில்லை.